பார்க்ல வெட்டுன புல்லு ஏன் நாறுச்சு, எப்படி உரமாச்சு: பாளையங்கோட்டை பக்கத்து காலனி ஒன்னோட நிகழ்வு ஆய்வு

பாளையங்கோட்டைக்கு தெக்க, முன்ன வயக்காடா கெடந்து பிளாட் போட்ட ஒரு காலனி. நடுவுல குடியிருப்போர் சங்கம் பாத்துக்கிடுத ஒரு பார்க், மொத்தமே பத்து சென்ட்தான் இருக்கும். புல்தரையில பாதி கொரியன் கிராஸ், மீதி தானா வந்து சேந்த அருகம்புல்லு. ஓரத்துல வேம்பு, ரெண்டு வாதாமரம், காம்பவுண்டு செவரு பக்கம் வாழையும் முருங்கையும். மழைக்காலத்துல ஒரு தடவ மெஷின் ஓட்டுனா ஆறேழு சாக்கு புல்லு சேரும், சித்திரை வைகாசியில ரெண்டு சாக்கு தேறுறதே கஷ்டம். வெட்டுன புல்ல எங்க போடன்னு யாரும் யோசிக்கல, வடக்கு மூலையில செவரோரமா தட்டிக்கிட்டே வந்தாங்க. ஐப்பசி மழை புடிச்ச பெறகு அந்த மூலை பக்கம் யாராலயும் நிக்க முடியல.

செவருக்கு அந்தப் பக்கத்து வீட்டு ஆச்சிதான் மொதல்ல செக்ரட்டரி அண்ணாச்சிட்ட வந்தாவ. "ஏய்யா, ராத்திரி சன்னல தொறக்க முடியல, தட்டுல சோத்த போட்டா ஈ வந்து அப்புது, இப்படியே எத்தன நாளுய்யா இருக்க?"ன்னு கேட்டிருக்காவ. அந்த மாச சங்கக் கூட்டத்துல இதுதான் பேச்சு. ஒரு கூட்டம் டிராக்டர் வச்சு அள்ளி வெளிய கொட்டிருவோம்ன்னுது, இன்னொரு கூட்டம் புல்லே வேணாம், மொத்தமா பேவர் பிளாக் போட்டா வேலை முடிஞ்சுதுன்னுது. ரெண்டாவதுக்குத்தான் ஆள் அதிகம். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்த கண்ணால பாத்த ஊருல, மழைத்தண்ணி எறங்குறதுக்கு மிச்சம் இருக்க கொஞ்சம் மண்ணையும் சிமெண்டு கல்லு போட்டு மூடணுமான்னு அண்ணாச்சிக்கு மனசு ஒப்பல. எனக்கு மாடித்தோட்டமும் உரம் போடுறதும் ரொம்ப நாள் பழக்கம்ங்கதால கூப்ட்டாவ. "நீ வந்து ஒரு தடவ பாரு, சரி பண்ண முடியும்னா சொல்லு, முடியலன்னா கல்லு போட்டுட்டு போவட்டும்"ன்னாவ.

குவியல கிண்டிப் பாத்தது

மம்பட்டி போட்டு குவியல நடுவுல வெட்டிப் பாத்தோம். மேல நாலு விரக்கட அளவுக்கு நல்லா காஞ்சு பழுப்பாத்தான் இருந்துச்சு, அதப் பாத்தா உள்ள என்ன நடக்குன்னே தெரியாது. அதுக்கு கீழ பத்தமடைப் பாய ஒன்னுமேல ஒன்னா அடுக்கி வச்ச மாரி புல்லு தட்டைத் தட்டையா ஒட்டிக் கெடந்துச்சு, ஒரு தட்டைய உரிச்சா வழுவழுன்னு கரும்பச்சையா கையில ஒட்டுது. நடுவுல ஒரு இடத்துல கண்ணு எரியுற அமோனியா நெடி. இன்னும் அடியில போனா நெடி மாறி புளிச்ச வாடை, அதோட அழுகுன முட்டை வாடை. ஈப்புழு நெளியுது. கூடவே முறுக்குப் பாக்கெட்டு, பால் கவரு, அறுந்த செருப்பு ஒன்னு.

இந்த ரெண்டு நாத்தத்தையும் தனித்தனியா பிரிச்சுப் பாக்கணும், ஏன்னா ரெண்டுக்கும் வைத்தியம் வேற. மூக்க குத்துற அமோனியா வந்தா நைட்ரஜன் கூடிப்போச்சு, அதை புடிச்சு வைக்க கார்பன் பத்தல, அதனால நைட்ரஜன் காத்துல போயிட்டு இருக்குன்னு அர்த்தம், அதுக்கு காஞ்ச சருவு சேக்கணும். புளிச்ச வாடை, முட்டை வாடை வந்தா உள்ள காத்தே இல்ல, காத்து வேண்டாத பாக்டீரியா வேலை பாக்குன்னு அர்த்தம், அதுக்கு கெளறி விடணும். இந்தக் குவியல்ல ரெண்டும் இருந்துச்சு.

புல்லுல அப்படி என்ன இருக்குன்னா, வெட்டுன பச்சைப்புல்லுல சுமாரா 80 சதவீதம் தண்ணிதான். மீதி இருக்கதுல நைட்ரஜன் ஜாஸ்தி, காய வச்சு எடை போட்டா 2-லருந்து 4 சதவீதம் வரைக்கும் இருக்கும். கார்பன் நைட்ரஜன் விகிதம்னு சொல்லுவாங்க, அதாவது ஒரு பங்கு நைட்ரஜனுக்கு எத்தன பங்கு கார்பன்னு, புல்லுக்கு அது 15-லருந்து 20-க்கு 1. நல்லா உரமாகுறதுக்கு 25-லருந்து 30-க்கு 1 வேணும். காஞ்ச எலைக்கு 40-லருந்து 80 வரைக்கும் மரத்துக்கு மரம் மாறும், வைக்கோலும் கிட்டத்தட்ட அந்த அளவுதான், மரத்தூள் மட்டும் பல நூறு போவும். அதாவது புல்லுல பாக்டீரியாவுக்கு சாப்பாடு அளவுக்கு மீறி இருக்கு, தண்ணியும் அளவுக்கு மீறி இருக்கு, ஆனா காத்து போக வழி இல்ல, ஏன்னா மெஷின்ல அறுபட்ட புல்லு சின்னச்சின்னதா மெல்லுசா இருக்கதால ஈரத்துல ஒன்னோட ஒன்னு ஒட்டி படிஞ்சிருது. உள்ள இருக்க கொஞ்ச ஆக்சிஜனையும் பாக்டீரியா சீக்கிரமே தீத்துருது, ஒரே நாள்ல குவியல் சூடாயிருது, அதுக்கப்புறம் அழுகல்தான். அப்ப தப்பு புல்லு மேல இல்ல, பச்சைப்புல்ல மட்டும் தனியா, தடிமனா, ஈரமா குவிச்சதுதான் தப்பு.

பார்க்கோட இன்னொரு மூலை

அன்னைக்கு எனக்கு கண்ணுல பட்டது நாத்தமடிக்கிற மூலைய விட அதுக்கு எதிர் மூலைதான். அங்கன கூட்டிப் பெருக்குற அக்கா வேப்பஞ்சருவையும் வாதாமரத்து எலையையும் வாரியலால கூட்டி குமிச்சு தீ வச்சுட்டு இருந்தாவ, தெனமும் காலையில அதான் நடைமுறை. அக்காவ சொல்லிக் குத்தமில்ல, அவங்கள அப்படி செய்யச் சொன்னதே நாமதான். பொகை வாக்கிங் போறவங்க மூஞ்சிக்குத்தான் போவுது. திடக்கழிவு மேலாண்மை விதிகள் 2016-லயே குப்பைய தெருவுலயோ சொந்த எடத்துக்கு வெளிய பொது எடத்துலயோ எரிக்கக் கூடாது, தோட்டக் கழிவ தனியா சேத்து வைக்கணும்னு தெளிவா சொல்லிட்டாங்க. ஆக ஒரு மூலையில கார்பன எரிக்கோம், எதிர் மூலையில அதே கார்பன் இல்லாம புல்லு அழுகுது. நடுவுல தூரம் நூறு அடி இருக்குமா?

நம்ம ஜில்லாவுல சருவுக்கு பஞ்சமே கெடையாது. பிசான நெல்லு அறுத்தா வைக்கோல், ஆத்தோரமா வாழைத்தோட்டத்துக்காரங்க உரிச்சுப் போடுற வாழைச்சருவு, தெருத்தெருவா வேப்பமரம். வெளியூருல மழை ஜாஸ்தியா உள்ள எடத்துல காஞ்ச சாமான தேடி அலையணும், இங்க அந்தக் கவலை இல்ல. இருக்கத எரிக்காம இருந்தாலே போதும். இத நான் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கு, ஏன்னா நிறைய பேரு உரம்னதும் ஏதோ பாட்டில் மருந்து வாங்கி தெளிக்கணும், டிரம் வாங்கணும்னு போயிருதாங்க, கையில இருக்க சருவு பொகையா போவுது.

எவ்வளவு புல்லுக்கு எவ்வளவு சருவு

அண்ணாச்சி ரிட்டையர்டு கணக்கு வாத்தியாரு, அதனால "கண்ணுமதிப்பு வேணாம், கணக்கு போட்டுக் காட்டு"ன்னாவ. 10 கிலோ பச்சைப்புல்லுல தண்ணி போக உள்ளது 2 கிலோ. அதுல கார்பன் 900 கிராம், விகிதம் 17-க்கு 1-ன்னு வச்சா நைட்ரஜன் 53 கிராம். இதோட 3 கிலோ காஞ்ச சருவு சேத்தா, அதுல கொஞ்சம் ஈரம் போக கார்பன் 1,200 கிராம் சொச்சம், விகிதம் 60-க்கு 1-ன்னா நைட்ரஜன் 20 கிராம். ரெண்டையும் கூட்டிப் பாத்தா கிட்டத்தட்ட 29-க்கு 1 வருது. ஈரம் மட்டும் 64 சதவீதம், இது கொஞ்சம் தூக்கல், 50-லருந்து 60-க்குள்ள இருந்தா நல்லது. அதனால சருவ 4 கிலோவாக்குனா ஈரம் 60-க்கு வந்துரும், விகிதம் 31, 32 வரும், அது ஒன்னும் பிரச்சினை இல்ல. எடையில பாத்தா சருவு கம்மி மாரி தெரியும், ஆனா சருவு லேசு, சாக்கு கணக்குல பாத்தா ஒரு சாக்கு புல்லுக்கு ரெண்டு சாக்கு சருவுன்னு வரும். அக்காவுக்கும் மெஷின்காரத் தம்பிக்கும் இந்த சாக்கு கணக்குத்தான் சொன்னோம். கிலோ கணக்கு அண்ணாச்சியோட நோட்டுல இருக்கு.

பச்சையும் காஞ்சதும் சாணியும் கலந்து, காத்துப் படும்படி பெரட்டி உரமாக்குற இந்த முறைய ஆல்பர்ட் ஹோவர்டு 1924-லருந்து 1931 வரைக்கும் இந்தூர்ல நம்ம நாட்டு விவசாயிக பழக்கத்தையெல்லாம் பாத்து ஒழுங்குபடுத்தினாரு, இந்தூர் முறைன்னே பேரு. பெங்களூர்ல 1939-ல ஆச்சார்யா கொண்டு வந்தது இன்னொரு முறை, அதுல குழியில அடுக்கி மேல மண்ணு பூசி மூடிருவாங்க, பெரட்டுற வேலை இல்ல, ஆனா ஆறு எட்டு மாசம் ஆவும். கூலி மிச்சம்னு கூட்டத்துல சிலபேரு குழிதான் வேணும்னாங்க. நான் வேணாம்னேன். இந்த காலனி பழைய வயல், ஐப்பசி கார்த்திகையில ரெண்டடி தோண்டுனாலே தண்ணி நிக்கும், குழியில தண்ணி நின்னா மறுபடியும் அதே முட்டை வாடைதான். அதனால தரைக்கு மேலயே குவியல், பெரட்டித்தான் ஆவணும்.

குவியல் போட்டது

வேப்பமர நெழல்ல ஒரு எடம் பாத்தோம். நெழலு வேணும், ஏன்னா வைகாசி வெயில்லயும் ஆனி ஆடிக் காத்துலயும் குவியல் காஞ்சு நின்னு போயிரும். செங்கல்ல சாந்து வைக்காம, எடவெளி விட்டு அடுக்கி மூணு பக்கம் செவரு, ஒரு பக்கம் தொறந்து. அகலம் நீளம் உயரம் எல்லாம் மூணு மூணு அடிக்கு கொறையாம இருக்கணும், அதவிட சின்னதா போட்டா உள்ள சூடு நிக்காது. அடியில முருங்கைக் கம்பு, வேப்பங்குச்சின்னு குறுக்கும் நெடுக்குமா போட்டது கீழ இருந்து காத்து ஏறுறதுக்கு. அதுமேல ஒரு சாண் சருவு, மூணு விரக்கட புல்லு, பக்கத்துத் தெருவுல மாடு வச்சிருக்கவங்கட்ட வாங்குன சாணிய கரைச்சு ஒரு தெளிப்பு, மறுபடி சருவு. அடுக்கா போட்டாலும் கவக்கம்பு வச்சு லேசா கலந்து விடணும், இல்லன்னா புல்லு மறுபடி தட்டையா படியும். பழைய குவியல்ல அழுகிக் கெடந்த புல்லையும் தூக்கிப் போடல, வெயில்ல ரெண்டு நாள் பரப்பி வாடை போன பெறகு இதுலயே கொஞ்சம் கொஞ்சமா சேத்தோம்.

ஈரம் பாக்க மெஷின் எதுவும் வேணாம். ஒரு கை அள்ளி இறுக்கிப் புழிஞ்சா விரல் இடுக்குல ஈரம் மினுங்கணும், ஒன்னு ரெண்டு சொட்டு வரலாம், ஒழுகக் கூடாது. ஒழுகுனா சருவு போடு, ஒட்டாம உதிர்ந்துச்சுன்னா தண்ணி தெளி.

சூட்டுக்கு அண்ணாச்சி ஒரு கடப்பாரைய நடுவுல சொருகி வச்சுட்டாவ. காலையில வாக்கிங் வரும்போது உருவி அடிநுனிய தொட்டுப் பாப்பாவ. போட்ட ரெண்டாம் நாளே கையால புடிக்க முடியல. பெறகு ஆன்லைன்ல நீளக் கம்பி வச்ச தெர்மாமீட்டர் ஒன்னு வாங்குனோம், அதுல 60 டிகிரிய தொட்டுது. 55 டிகிரிக்கு மேல மூணு நாளாவது நின்னா களை விதையும் நோய்க்கிருமியும் பெரும்பாலும் செத்துரும், அதனால இந்த சூடு நமக்கு வேணும். 65-ஐ தாண்டுனா நல்ல நுண்ணுயிரும் சாக ஆரம்பிக்கும், அப்ப பெரட்டி விடணும். அக்கா கடப்பாரைய தொட்டுப் பாத்துட்டு, "எண்ணே, இது தானா தீப்புடிச்சிராதா, நான் ஏதும் பண்ணலன்னாலும் என்னயல்லா கேப்பாவ"ன்னு பயந்தாவ. அந்த பயம் நியாயமானது. மலை மாரி பெருசா குவிச்சு பாதி காய விட்டா பத்த வாய்ப்பு உண்டு, மூணு நாலு அடி குவியல்ல ஈரம் சரியா இருந்தா அந்தப் பேச்சே இல்லன்னு விளக்கிச் சொன்னோம், பக்கத்துல தண்ணி பைப்பும் இழுத்து வச்சோம்.

சூடு எறங்க எறங்க வெளிப்பக்கத்த உள்ளயும் உள்பக்கத்த வெளியயும் போட்டுப் பெரட்டணும். ரெண்டு மூணு பெரட்டுக்கு அப்புறம் சூடு ஏறல. பாதிக்கும் கீழ அமுங்கிருச்சு. புல்லு அடையாளமே தெரியல, வாதாமர எலையோட நரம்பு மட்டும் அங்கங்க கெடந்துச்சு. வேப்பிலை போட்டா எதுவும் மக்காதுன்னு சிலபேரு சொன்னாங்க, காஞ்ச வேப்பிலைதான் எல்லாத்துக்கும் முந்தி மக்குச்சு. வாதாமர எலை பெருசு, தடிப்பு, அதுதான் லேட்டு.

அதுக்கு வழி கண்டுபிடிச்சது மெஷின்காரத் தம்பிதான். சருவ புல்தரை மேல பரப்பி விட்டுட்டு அப்படியே மெஷின ஓட்டுனாரு. எலை துண்டுதுண்டா அறுபட்டு, புல்லோட கலந்தே பைக்குள்ள விழுந்துருது. தனியா கலக்குற வேலையும் மிச்சம், மக்குறதும் வேகம். இந்த ஆய்வுல இருந்து ஒரே ஒரு விசயம் எடுத்துக்கிடணும்னா இத எடுத்துக்கோங்க. புல்லு மெஷினும் மரமும் இருக்க எந்த ஸ்கூல், ஆஸ்பத்திரி வளாகத்துலயும் நாளைக்கே செய்யலாம். மரக்குச்சி, கல்லு மட்டும் முன்னாடியே பொறுக்கிரணும், பிளேடு போயிரும்.

எல்லா புல்லும் குவியலுக்குப் போக வேண்டாம்

புல்ல வெட்டுன எடத்துலயே விட்டுறது இருக்கே, அதுதான் எல்லாத்துலயும் சுளுவு. பையக் கழட்டிட்டு வெட்டுனா துணுக்கு புல்லுக்குள்ளயே எறங்கிரும், கொஞ்ச நாள்ல மக்கி, புல்தரைக்கு வேண்டிய நைட்ரஜன்ல கால்பங்கு வரைக்கும் திரும்பக் குடுக்கும். ஆனா ஒரு வெட்டுல புல்லோட உயரத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல வெட்டக் கூடாது, புல்லு ஈரமா இருக்கக் கூடாது, பிளேடு கூரா இருக்கணும். தம்பி, "சார், அப்படியே விட்டுட்டுப் போனா நான் வேலை பாக்கலன்னு சொல்லுவாங்க"ன்னு தயங்கினாரு. அண்ணாச்சி சங்கத்து வாட்ஸ்அப் குரூப்ல விவரமா எழுதிப் போட்ட பெறகுதான் அவருக்கு நிம்மதி. துணுக்கு விட்டா புல்தரை அடியில மெத்தை கட்டும்னு ஒரு பேச்சு இருக்கு, அது கட்டுறது பெரும்பாலும் தண்டுலயும் வேருலயும் இருந்துதான், எலைத் துணுக்கு சீக்கிரம் மக்கிரும். மழைக்காலத்துல மட்டும் ஈரமும் வளர்ச்சியும் ஜாஸ்திங்கதால பை மாட்டித்தான் வெட்டுதோம்.

அடுத்தது மூடாக்கு. நம்ம வெயிலுக்கு இது ரொம்பப் பெரிய உபகாரம். கோடையில வெட்டுற புல்ல சிமெண்டு பாதையில பரப்பி ஒரு நாள் ரெண்டு நாள் காய விட்டா வைக்கோல் மாதிரி ஆயிரும், அத வாழைக்கும் முருங்கைக்கும் கத்திரி மொளகாய்க்கும் மண்ணு மேல பரப்பலாம். மண்ணு சூடேறாது, தண்ணி சீக்கிரம் வத்தாது, களை கம்மி. காயாம பச்சையா தடிமனா போட்டா மறுபடி தட்டை கட்டி மழைத்தண்ணியக் கூட கீழ விடாது, சூட்டுல செடியோட தண்டும் வெந்துரும். பச்சையா போட்டே ஆவணும்னா ஒரு விரக்கட அளவுக்கு மெல்லுசா. தண்டுல ஒட்டாம நாலு விரக்கட தள்ளி. இந்தத் தள்ளிப் போடுறது செம்மண்ணுல இன்னும் முக்கியம், காஞ்ச புல்லு இருந்தா கரையான் வரும், அது பெரும்பாலும் செத்ததத்தான் திங்கும், ஆனா தண்டுல ஒட்டிக் கெடந்தா காஞ்ச பட்டையில ஏற ஆரம்பிச்சிரும். அடியில வேப்பம் புண்ணாக்கு தூவி, மூடாக்க லேசா நனைச்சு வச்சா அந்தத் தொல்லை கொறையும்.

மாட்டுக்குப் போடலாமேன்னு சாணி குடுக்குற வீட்டுலயே கேட்டாங்க. கையால அறுத்த புல்லுன்னா சரி. மெஷின்ல பொடியா அறுபட்டு சாக்குல கட்டி சூடான புல்லு சீக்கிரம் புளிச்சிரும், மாடு வயித்தப் புடிச்சுக்கிட்டு நிக்கும், அதோட பிளாஸ்டிக்கு, கம்பித்துண்டும் கெடக்கும். நாங்க குடுக்கல.

வந்த சிக்கல்கள்

கார்த்திகையில ஒரு வாரம் விடாம பெஞ்சது. யாரோ நல்ல மனசுல தார்ப்பாய போட்டு இறுக்கி மூடிட்டுப் போயிட்டாங்க, தொறந்து பாத்தா பழைய வாடை. தார்ப்பாய் தண்ணியத் தடுக்கும், காத்தையும் தடுத்துரும். பெறகு தென்னங்கீத்த முடைஞ்சு சாய்வா போட்டோம், தண்ணி வழிஞ்சு போவுது, காத்தும் போவுது. பெரட்டி ரெண்டு சாக்கு சருவு சேத்ததும் வாடை போயிருச்சு. மழைக்காலத்துக்கு சருவு கெடைக்காது, நனைஞ்சு போயிரும், அதனால பங்குனி சித்திரையில கொட்டுற சருவ சாக்குல கட்டி சங்கத்து ஷெட்டுல அடுக்கி வைக்கணும். இத மொத வருசமே செஞ்சு வச்சது ரொம்ப கைகுடுத்துச்சு.

பெரட்டும்போது ஒரு தடவ கட்டைவெரல் தண்டி வெள்ளைப் புழு, தலை மட்டும் பழுப்பு, அரைவட்டமா சுருண்டு கெடந்துச்சு. காண்டாமிருக வண்டோட புழு. புழு உரத்துக்கு ஒன்னும் பண்ணாது, ஆனா வண்டாயி பறந்துச்சுன்னா தென்னங்குருத்த குடைஞ்சிரும், காலனியில வீட்டுக்கு ஒரு தென்னை நிக்கி. ஆறிப்போன, பெரட்டாத குவியல்லதான் அது முட்டை வைக்கும். அதனால பெரட்டுறப்ப பொறுக்கி எடுத்து அழிச்சோம், மெட்டாரைசியம்னு ஒரு பச்சைப் பூஞ்சாணம் வேளாண் கடையில கெடைக்கும், அத தண்ணியில கலந்து தெளிச்சோம், முக்கியமா முதிர்ந்த உரத்த தேக்கி வைக்காம அப்பப்ப சலிச்சு எடுத்துருதோம். தென்னை இருக்க ஊருல உரக்குவியல் போடுறவங்க இத கவனிக்காம விட்டா பக்கத்து வீட்டுத் தென்னைக்கு நாமளே ஆபத்து வரவழைச்ச மாதிரி ஆயிரும். மண்புழு விடலாமான்னா, சூடு முழுசா ஆறுன பெறகு விடலாம், 35 டிகிரிக்கு மேல போனா அது தாங்காது.

இன்னொன்னு, கொஞ்சம் பயமான விசயம். பக்கத்துல ஒரு கல்யாண மண்டபத்துல இருந்து புல்லு மூட்டை மூட்டையா தாரோம், எடுத்துக்கிடுங்கன்னாங்க. அண்ணாச்சி கேட்ட மொத கேள்வி, "களைக்கு மருந்து அடிச்சிருக்கியளா?" அடிச்சிருக்காங்க, அகல எலைக் களையக் கொல்லுத 2,4-டி. அந்த மருந்து புல்ல விட்டுட்டு தக்காளி, கத்திரி, பயறு, பருத்தி மாரி அகல எலைச் செடியத்தான் தாக்கும், எலை சுருண்டு கோணிக்கிட்டு போவும். மருந்தடிச்ச பெறகு வர்ற மொத நாலஞ்சு வெட்டு புல்ல மூடாக்கா போடவே கூடாது. நாங்க அந்த மூட்டைய வாங்கல. எங்கருந்து வந்த புல்லுன்னு தெரியலன்னா ஒரு சோதனை இருக்கு, செஞ்ச உரத்துல கொஞ்சம் மண்ணு கலந்து ஒரு தொட்டியில தட்டப்பயறு போடணும், பக்கத்துல வெறும் மண்ணுல இன்னொரு தொட்டி. ரெண்டு மூணு வாரத்துல உரத்தொட்டிச் செடியோட எலை மட்டும் குவிஞ்சு சுருண்டா அந்த உரம் காய்கறிக்கு ஆகாது. எங்க உரத்துல பயறு ரெண்டு தொட்டியிலயும் ஒன்னுபோல வந்துச்சு.

அருகம்புல்லு கணுவுல இருந்து மொளைக்கும், கோரைக்கு கெழங்கு. குவியலோட வெளிப்பக்கம் சூடேறாததால அங்க கெடந்ததெல்லாம் உசுரோட வேர் விட்டுச்சு. மெஷின்ல வெட்டுற மேல்புல்லுல இந்தப் பிரச்சினை இல்ல, வேரோட புடுங்குறதுலதான். அதனால வேரோட புடுங்குன அருகும் கோரையும் குவியலுக்கு நேரா போறதில்ல. கருப்பு பிளாஸ்டிக் பையில கட்டி கோடை வெயில்ல சிமெண்டு தரையில போட்டு, கருகி நொறுங்குற அளவுக்கு விட்டுட்டு அப்புறம் சேக்கோம். கோரைக்கெழங்க அப்பவும் நான் நம்புறதில்ல, அத தனியாவே ஒதுக்கிருதோம்.

இப்போ நெலவரம்

உரம் கருப்பா, பொலபொலன்னு, மண்வாசத்தோட வருது. பக்குவம் வந்துருச்சான்னு பாக்க கொஞ்சம் நனைச்சு ஒரு கவர்ல கட்டி ஒரு வாரம் வைப்போம், தொறந்தா புளிச்ச வாடை வந்தா இன்னும் ஆவல, மண்வாசம் வந்தா எடுக்கலாம். மொத சலிப்பு பார்க் வாழைக்கும் புல்தரைக்குமே போச்சு, அடுத்தது வீட்டுக்கு ஒரு பக்கெட்டு. ஆச்சி பிச்சிக்கொடிக்கு வாங்கிட்டுப் போனாவ, இப்ப அவங்க வீட்டு காய்கறித் தோலையும் "இதுல போடலாமாய்யா"ன்னு கேட்டு கொண்டு வந்து குடுக்காவ. சருவு எரிக்கிறது நின்னுபோச்சு. பேவர் பிளாக் கொட்டேஷன் அப்படியே நிக்கி.

ஆனா இது சும்மா நடக்குன்னு யாரும் நெனைக்க வேண்டாம். பெரட்டுறது மெய்யான வேலை, நனைஞ்ச குவியல் கனமா இருக்கும், அத அக்காவோட பழைய சம்பளத்துலயே சேத்து வாங்குறது அநியாயம்னு நான் கூட்டத்துலயே சொன்னேன். சிலபேருக்கு அது புடிக்கல. அண்ணாச்சி விடல. கவக்கம்பு, கையுறை, காலுக்கு பூட்ஸ் சங்கச் செலவுல வாங்குனாங்க, பெரட்டுற நாளைக்கு மெஷின்காரத் தம்பியும் கூட வந்து நிக்கணும்னு பேசி, ரெண்டு பேருக்கும் அன்னைக்கு தனிக்கூலி. சங்கத்து மாசக் கணக்குல இப்ப 'உரம் பெரட்டு கூலி'ன்னு தனியா ஒரு வரி இருக்கு, பராமரிப்பு செலவுக்கு கீழ, கரண்டு பில்லுக்கு மேல.